சுரைக்காயின் மருத்துவ அறிக்கை

காலை ஒன்பது நாற்பதுக்கு என் மகளின் கையில் அந்தக் கம்பியைக் கொடுத்தார்கள். இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்கு என் ஞாபகசக்தி காரணமல்ல. அச்சடித்த தாளின் மேல்மூலையில் 09:40 என்று இருக்கிறது. அந்தத் தாளை இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். "அத மொதல்ல கிழிச்சுப் போடு" என்கிறார் என் கணவர். எப்படிக் கிழிப்பது? அதற்கு இப்போது வழக்கு எண் இருக்கிறது.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. திருவேற்காட்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், சங்கக் கூட்டம் நடக்கும் அறைக்கு வெளியே, 'இலவச முழு உடல் பரிசோதனை' என்று பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, ஒரே நிமிடத்தில் உடம்பின் எல்லா உறுப்புகளையும் பற்றிய அறிக்கை. சங்கச் செயலாளர் வாட்ஸாப் குழுவில் மூன்று முறை 'அனைவரும் பயன்பெறவும்' என்று போட்டிருந்தார். நான் பயன்பெறப் போகவில்லை. தண்ணீர் மோட்டார் போடச் சொல்வதற்காகக் கீழே இறங்கினேன். அதே நேரத்தில் மகள் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பயிற்சி முடிந்த வியர்வையோடு கேட்டுக்குள் நுழைந்தாள். பதினோராம் வகுப்பு. பள்ளியின் வாலிபால் அணியில் அவள்தான் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், அவர்கள் மொழியில் செட்டர். ஆகஸ்டில் வட்டாரப் போட்டி. அவளுக்கு அந்த வருஷத்தில் வேறு எந்த மாதமும் இல்லை, ஆகஸ்ட் மட்டும்தான்.

வெள்ளைக் கோட்டும் டையும் போட்ட ஒருவர் எங்களைக் கைகாட்டி அழைத்தார்.

"பாப்பாவ உக்கார வைங்கம்மா. ஃப்ரீதான்."

"வேணாம்மா, பசிக்குது" என்றாள் மகள்.

"ஒரு நிமிஷம்தானேடி."

இதைச் சொன்னது அவரல்ல, நான்.

ஒரு மடிக்கணினி. பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் வழவழப்பான உலோகக் கம்பி. கம்பியை உள்ளங்கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வயது, உயரம், எடை கேட்டுத் தட்டினார். திரையில் ஒரு மனித உடம்பு சுழன்றது. ஒவ்வொரு உறுப்பாகப் பச்சை வெளிச்சம் ஓடியது. அப்புறம் பிரின்டர் சத்தம்.

தாளை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார். "ஸ்போர்ட்ஸ் பண்றாங்களா?" என்றார்.

"வாலிபால்."

"ம்ம்ம்."

அந்த 'ம்ம்ம்' இன்னும் என் காதில் இருக்கிறது. குக்கர் விசிலுக்கு நடுவில்கூடக் கேட்கிறது.

இதயத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் 43.2 என்று இருந்தது. இருக்க வேண்டிய குறைந்த அளவு 48.1. பக்கத்தில் சிவப்புப் பட்டை. "பயப்படாதீங்கம்மா. ஆனா ஸ்ட்ரெயின் குடுக்காதீங்க. இந்த வயசுப் பிள்ளைங்க கிரவுண்டுலயே திடீர்னு... நியூஸ்ல பாத்திருப்பீங்களே" என்றார். பார்த்திருந்தேன். அப்படிப்பட்ட செய்திகளை நான் தவறவிடுவதே இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஊட்டச்சத்து மாவு டப்பாக்கள் வந்தன. மூன்று மாதம் காலையும் மாலையும் பாலில் கலக்க வேண்டும். இரண்டு டப்பா வாங்கினேன், பில்லும் வாங்கினேன். மகள் எழுந்து போய்விட்டிருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளர். இருபத்து மூன்று வருஷமாக அளப்பதுதான் என் வேலை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு அளவுகோலிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, அடுத்து எப்போது என்று அதில் எழுதியிருக்கும். ஸ்டிக்கர் இல்லாத கருவி என் மேஜைக்கு வந்தால் அதைத் தொடக்கூட மாட்டேன். நேராகக் கழிவுக்கான சிவப்புப் பெட்டி. புதிதாகச் சேர்ந்த பொறியாளர் பையன்களை இதற்காகவே திட்டியிருக்கிறேன். "அளவு சொன்னா போதாது தம்பி, அளந்தது யாருன்னு மொதல்ல கேளு."

அன்றைக்கு அந்தக் கறுப்புப் பெட்டியில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. 43.2. அந்தப் புள்ளிக்கு அப்புறம் வந்த ஒற்றை இலக்கம் என்னைச் சாய்த்துவிட்டது. 'குறைவாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தசமப் புள்ளி போட்டு எழுதினால் என்னைப் போன்றவர்கள் கும்பிட்டுவிடுகிறோம்.

திங்கட்கிழமை காலை, கம்பெனிக்கு லேட் பெர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியைக்கு முழுப் பக்கக் கடிதம். என் மகளின் இதய ரத்த ஓட்டம் 43.2 ஆக உள்ளதால் அவளை அனைத்து விளையாட்டுகளிலிருந்தும் விலக்கி வைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையின் நகலையும் இணைத்தேன். நல்ல கையெழுத்து என்று அலுவலகத்தில் ஒருவர் பாராட்டினார்.

அன்று மாலை மகள் வந்து பையைப் போட்டுவிட்டு என் முன்னால் நின்றாள்.

"லெட்டர் குடுத்தியா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? இன்னிக்கி பி.டி. மிஸ் என்னை ஸ்கோர் போர்டு பக்கத்துல உக்கார வெச்சாங்கம்மா. பேஷண்ட் மாதிரி. என் இடத்துல வேற பொண்ணு."

அதற்கப்புறம் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். தண்ணி. சாவி. சார்ஜர்.

அந்த வாரக் கடைசியில், தூக்கம் கெட்டுப்போய், அவளை ஓர் இதய மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், தெரியும். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள். மருத்துவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "வாலிபாலா? ஆடட்டும். குதிக்கட்டும். நீங்கதான் கொஞ்சம் உக்காருங்க, வேர்க்குது உங்களுக்கு" என்றார். நான் அந்தச் சிவப்புப் பட்டைத் தாளை நீட்டினேன். தொடாமலே எட்டிப் பார்த்தார்.

"கம்பியப் பிடிச்சதா?"

"ஆமா டாக்டர்."

"மாசம் நாலு பேர் கொண்டாந்துடறாங்க."

இது தவறு என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். "நான் பாத்ததத்தான் நான் எழுதுவேன். அடுத்தவன் பாக்காதத நான் எப்படிம்மா எழுதறது?" என்றார். மகளின் இதயம் இயல்பாக இருக்கிறது, விளையாடலாம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அது போதும் என்று நினைத்தேன். தலைமையாசிரியை இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல கோளாறு இல்லன்னு போட்டிருக்கு. அதுல இருக்குன்னு போட்டிருக்கு. நான் எதை மேடம் நம்பறது?"

"இது டாக்டர் எழுதினது. அது சும்மா கேம்ப்..."

"சும்மாவா? அதை வெச்சுத்தான் நீங்க லெட்டர் எழுதினீங்க."

"அந்த லெட்டர நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"தபால் நம்பர் போட்டாச்சே. பதிவேட்டுல ஏறிடுச்சு. நாளைக்கு கிரவுண்டுல பிள்ளைக்கு ஒண்ணுன்னா டி.வி.காரங்க உங்க லெட்டரத்தான் பெருசு பண்ணிக் காட்டுவாங்க. 'தாய் எச்சரித்தும் கேளாத பள்ளி.'" அவரே கையை விரித்துத் தலைப்பைக் காட்டினார். "அந்த ரிப்போர்ட்ட குடுத்தவங்க கிட்டயே, அது மருத்துவ ரிப்போர்ட் இல்லன்னு ஒரு வரி வாங்கிட்டு வாங்க. அன்னிக்கே சேர்த்துக்கறேன்."

ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு நாலு மாதம் ஆயிற்று.

முகாம் நடத்திய நிறுவனத்துக்கு அம்பத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம் இருந்தது. ஏ.சி. குளிர், ஊதுவத்தி வாசனை. வரவேற்பிலிருந்த பெண் கனிவாகத்தான் பேசினாள். "ரிப்போர்ட்ட கேன்சல் பண்ண சிஸ்டத்துல ஆப்ஷன் இல்ல மேடம். நீங்க பவுடர் கண்டின்யூ பண்ணுங்க. மூணு மாசம் கழிச்சு ரீ-டெஸ்ட் பண்ணுவோம். அப்போ கண்டிப்பா நார்மல் வரும். அந்த ரிப்போர்ட்ட ஸ்கூல்ல குடுங்க."

"கண்டிப்பா வருமா? சோதிக்கறதுக்கு முன்னாடியே எப்படிம்மா தெரியும்?"

"எல்லாருக்கும் வருது மேடம்."

மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளே மீட்டிங். கடைசியில் ஒருவர் வந்து நின்றபடியே என்ன பிரச்சினை என்றார். அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. "உங்க மிஷின எப்போ சரிபார்த்து கேலிபரேட் பண்ணீங்க? அதோட சான்றிதழ் காட்டுங்க" என்றேன்.

"ஜெர்மன் டெக்னாலஜி மேடம்" என்றார் அவர், பதில் சொல்லி முடித்தவர் போல.

நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். புகார் எண் கொடுத்தார்கள். நிறுவனம் அதற்குப் பதில் அனுப்பியது: 'எங்கள் வாடிக்கையாளரின் நலனில் நாங்கள் அக்கறை கொண்டுள்ளோம்.' பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. ஜூலை இரண்டாம் வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ரயிலேறினேன். வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம் என்று படித்திருந்தேன். சட்டத்தை நான் அதற்குள் நன்றாகவே படித்துவிட்டிருந்தேன். முறையற்ற வணிக நடைமுறை, தவறாக வழிநடத்தும் விளம்பரம், சேவைக் குறைபாடு. பரீட்சை மகளுக்கா எனக்கா என்று கணவர் கேட்டார்.

அங்கிருந்த எழுத்தர் மனுவைப் புரட்டினார். சட்டைப் பையில் மூன்று பேனா. நிதானமான மனிதர்.

"நஷ்டஈடு எவ்ளோ போடறீங்க?"

"நஷ்டஈடு வேணாம் சார். அந்த ரிப்போர்ட் மருத்துவ ரிப்போர்ட் இல்லன்னு அவங்க ஒரு வரி எழுதித் தரணும்."

அவர் என்னை மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஒரு வரிக்கெல்லாம் இந்த ஃபாரத்துல கட்டம் இல்லியே மேடம்."

"'வேறு நிவாரணம்'னு இருக்கே, அதுல எழுதறேன்."

"எழுதுங்க. ஆனா அவங்க இன்னா சொல்வாங்க தெரியுமா? செக்கப் ஃப்ரீ. காசு வாங்கல. அதனால நீங்க நுகர்வோரே இல்லம்பாங்க. ஏதாவது வாங்கினீங்களா அவங்க கிட்ட?"

மாவு டப்பா வாங்கிய பில்லை எடுத்து வைத்தேன். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். "பில்லு வெச்சிருக்கீங்களா! இங்க வர்றவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேரு பில்லு எங்கன்னா பீரோலன்னுவாங்க." பில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி. மிஷின் பொய் சொல்லுதுன்னு எப்டி நிரூபிப்பீங்க?" என்றார்.

ரயிலில் திரும்பும்போது, நெமிலிச்சேரி ஸ்டேஷன் தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மக்கு நான். ஒரு கருவி பொய் சொல்கிறதா என்று பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம். ஒரே பாகத்தை மறுபடி மறுபடி அளக்க வேண்டும். ஆளை மாற்றி, கருவியை மாற்றி அளக்க வேண்டும். ஒரே அளவு வந்தால் கருவி. வராவிட்டால் இரும்புத் துண்டு.

அடுத்த ஞாயிறு நசரத்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்களின் முகாம் என்று முகநூலில் பார்த்தேன். போனேன். மண்டபத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் காய்கறி விற்ற அம்மா, நான் பிளெக்ஸைப் பார்த்து நிற்பதைக் கவனித்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா, கம்பி புடிக்கப் போறியா?"

"ஆமா. நீங்க புடிச்சீங்களா?"

"புடிச்சேனே. லிவர்ல கொய்ப்பு கீதுன்னான் அந்த கோட்டு போட்டவன். அடப் போடா நைனா, எனக்குக் கொய்ப்பு வாய்ல மட்டுந்தான் கீதுன்னு சொல்டேன். சொல்டு வந்துகினே கீறேன், பவுடரு வாங்கிக்கோன்னு பின்னாலயே வர்றான். எங்க ஊட்ல பேரனுக்கே பால் பத்தல, இவனுக்குப் பவுடருக்குப் பால் ஊத்தணுமாம்."

அவரிடம் இளசாக ஒரு சுரைக்காய் வாங்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். வாங்கும்போது குழம்பு நினைப்புதான் இருந்தது.

உள்ளே மூன்று மேஜைகள், மூன்றிலும் அதே கறுப்புப் பெட்டி. தரை வரை தொங்கும் சாட்டின் துணி. முதல் மேஜையில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்தேன். சிறுநீரகம் பலவீனம் என்று வந்தது. ஒரு சுற்று சுற்றிவிட்டு இரண்டாவது மேஜை. அதே வயது, அதே எடை, அதே நான். சிறுநீரகம் பிரமாதம், நுரையீரல்தான் கவலைக்கிடம். இருபது நிமிடத்தில் நோய் ஒரு முழம் மேலே ஏறியிருந்தது.

மூன்றாவது மேஜையில் உட்கார்ந்தபோது மடியில் துணிப்பை இருந்தது. ஆபரேட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியை வாங்கிப் பைக்குள் விட்டு, சுரைக்காயின் மேல் வைத்து, அது நழுவாமல் பையின் துணியோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். என் தோல் எங்கும் படவில்லை. கம்பெனியில் ஆடிட்டர் வரும்போதுகூட எதையும் இவ்வளவு கவனமாகப் பிடித்ததில்லை.

"கம்பிய டைட்டா புடிச்சிருக்கீங்களா மேடம்?"

"ரொம்ப டைட்டா."

திரையில் பச்சை வெளிச்சம் ஓடியது. சுரைக்காய்க்கு மூட்டுத் தேய்மானம். மாதவிடாய்ச் சீர்கேடு. மன அழுத்தம் மிக அதிகம். உடம்பில் உப்புச்சத்து குறைவு. "ரொம்ப டென்ஷன் ஆவீங்களோ?" என்றார் ஆபரேட்டர் அனுதாபத்தோடு.

வீட்டுக்கு வந்து மூன்று தாள்களையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் நின்று பார்த்தாள். எந்தத் தாள் எது என்று சொன்னேன். மூன்றாவதை எடுத்துக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"இதுக்கும் ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா" என்றாள். "பாவம், பி.டி. பீரியட்ல வெளையாடிடப் போவுது."

தாளை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சுரைக்காய்க் கூட்டு வைத்தேன். அவள் தொடவில்லை.

வழக்கு ஏற்கப்பட்டது. முதல் வாய்தாவுக்கு எதிர்த்தரப்பு வரவில்லை. ஆகஸ்டில் வட்டாரப் போட்டி நடந்த அன்று நான் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பள்ளி வேன் என்னைக் கடந்து போனது. ஜன்னல் முழுக்க நீல ஜெர்சி. என் மகள் அந்த நேரம் வீட்டில் இயற்பியல் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அணி இரண்டாவது ஆட்டத்தில் தோற்றது என்று அப்புறம் யாரோ சொன்னார்கள். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. புது செட்டருக்குக் கை பதறியிருக்கும் என்று மட்டும் அவள் அப்பாவிடம் சொன்னாளாம்.

இரண்டாவது வாய்தாவில் அவர்களுடைய வக்கீல் வந்து அவகாசம் கேட்டார். மூன்றாவதில் எழுத்துப்பூர்வமான பதில். எழுத்தர் சொன்னது எழுத்து பிசகாமல் இருந்தது: பரிசோதனை இலவசம், ஆகவே மனுதாரர் நுகர்வோர் அல்லர். ஆணையத் தலைவர் அதைப் படித்துவிட்டு வக்கீலைப் பார்த்தார்.

"டப்பா வித்தீங்களா, இல்லியா?"

"அது தனி அய்யா. டெஸ்ட் தனி, ப்ராடக்ட் தனி."

"டெஸ்ட் பண்ணாம யாருக்காவது டப்பா வித்திருக்கீங்களா?"

வக்கீல் வழக்குக் கட்டைப் புரட்டினார். எவ்வளவு புரட்டினாலும் அதில் இருக்காது என்று எனக்கே தெரிந்தது. இரண்டு தரப்பும் சம்மதித்தால் சமரசத்துக்குப் போகலாம் என்றார் தலைவர். எனக்கு வேண்டியது ஒரு வரிதான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சமரசக் கூட்டம் அக்டோபரில், பக்கத்து அறையில். நடத்தியவர் ஒரு பெண் வழக்கறிஞர். நிறுவனத்தின் நிர்வாகி நாற்பது நிமிடம் தாமதமாக வந்து, பூந்தமல்லி டிராஃபிக் என்றார். எல்லோரும் அதை மட்டும் நம்பினோம்.

"உங்க மிஷின் நோயைக் கண்டுபிடிக்குமா, கண்டுபிடிக்காதா? ஒண்ணு சொல்லுங்க" என்றார் வழக்கறிஞர். "கண்டுபிடிக்கும்னா, டாக்டர் யாருன்னு கேப்பேன். கண்டுபிடிக்காதுன்னா, டப்பா எதுக்குன்னு கேப்பேன்."

"அது ஒரு வெல்னஸ் இண்டிகேஷன் மேடம்."

"தமிழ்ல."

"ஒரு... பொதுவான... சூசகம்."

சூசகம்! என் பிள்ளை நாலு மாதம் பந்தைத் தொடவில்லை. ஒரு சூசகத்துக்காக. எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு மூன்று தாள்களையும் எடுத்து வைத்தேன். முதல் இரண்டும் நான், இருபது நிமிட இடைவெளியில். மூன்றாவது யார் என்று வழக்கறிஞர் கேட்டார்.

"சுரைக்காய்" என்றேன்.

நிர்வாகி முதலில் மீண்டார். "மேடம் டிவைஸ தப்பா யூஸ் பண்ணியிருக்காங்க. இது எங்க வழிகாட்டு நெறிகளுக்கு விரோதம்."

வழக்கறிஞர் தாளின் கடைசி வரிக்கு வந்திருந்தார். "சார், சுரைக்காய்க்கு உப்பில்லன்னு போட்டிருக்கீங்க. உங்க மிஷின் இது ஒண்ணுதான் சரியா சொல்லியிருக்கு" என்றார். நிர்வாகி தாளை வாங்கிப் பார்த்தார். அப்புறம் அவருடைய வக்கீலும் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த வரி எழுதப்பட்டது. 'மேற்படி அறிக்கை மருத்துவ நோயறிதல் அல்ல. அதன் அடிப்படையில் எவருக்கும் இதயக் கோளாறு இருப்பதாகக் கொள்ளலாகாது.' கையெழுத்து, முத்திரை. முகாம் பிளெக்ஸிலும் இதைப் போடுவதாக ஒப்புக்கொண்டார்கள். போடத்தான் செய்கிறார்கள்; போன மாதம் திருவேற்காடு பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழ் ஓரத்தில், எறும்பு படிக்கிற அளவு எழுத்தில். அதற்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

தலைமையாசிரியை அந்தத் தாளை வாங்கித் தபால் எண் போட்டார். "இப்போ சரி. இனி விளையாடலாம். ஆனா மேட்ச்தான் முடிஞ்சிடுச்சு, அடுத்த வருஷம் பன்னெண்டாவது, பாக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "எனக்கு வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாம்பார் வேணாம் என்பது போலச் சொன்னாள். பந்து கட்டிலுக்கடியில் காற்று இறங்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை. நான் ஜெயித்தது எதில், இவள் தோற்றது எதில் என்று யோசித்தபடியே அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் அளவுகளைத் தப்பாகக் குறித்தேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், மழை விட்டிருந்த நேரம், அழைப்புமணி அடித்தது. பி.டி. மிஸ். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணாடியை மட்டும் மேலே தூக்கியிருந்தார். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க அவ?"

மகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாவட்ட டீமுக்கு புதன்கிழமை ஓப்பன் செலக்‌ஷன். பதினெட்டு வயசுக்குக் கீழ யார் வேணா வரலாம். ஆவடியில. எனக்கு செட்டர் வேணும். ஷூ இருக்கா, இல்ல அதையும் உங்கம்மா கேஸ்ல சாட்சியா குடுத்துட்டாங்களா?"

மகள் என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்; ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படி நேராகப் பார்த்தது அன்றுதான். உள்ளே போனாள். கட்டிலுக்கடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சோபா விளிம்பில் உட்கார்ந்து, தூசி படிந்த ஷூவின் நாடாவைத் தளர்த்த ஆரம்பித்தாள்.

மிஸ் ரெயின்கோட்டுக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு படிவத்தை எடுத்தார். பெற்றோர் ஒப்புதல். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன். கீழே 'பெற்றோர் குறிப்பு, ஏதேனும் இருப்பின்' என்று மூன்று கோடு இடம் விட்டிருந்தார்கள். மருத்துவர் சொன்னதை ஒரு வார்த்தை, முன்னெச்சரிக்கைக்காக, வெறுமனே ஒரு வார்த்தை என்று என் கை தானாக அந்தக் கோட்டுக்கு இறங்கியது. ஈரக் கையால் மிஸ் அந்த இடத்தை மூடினார்.

"கையெழுத்து போதும் மேடம்" என்றார். "வேற ஒரு எழுத்தும் எழுதாதீங்க."